மலையை அப்கிரேட் பண்ண முடியாது

கம்ப்யூட்டருக்கு வயசாகிவிட்டது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போய் பல் தேய்த்து, காபி குடித்து, பேப்பரும் படித்துவிட்டு வந்த பிறகும் திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால், ஆகிவிட்டது. அடுத்த கேள்விதான் கஷ்டம். ரெண்டு பார்ட் மாற்றி ஓட்டுவதா, மொத்தமாகப் புதுசு அசெம்பிள் செய்வதா?

ஆலங்காயத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பையன். கடைகளுக்குக் கணக்கு எழுதி ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து தருவது பிழைப்பு. அவனுடைய பெட்டி 2016-ல் வாங்கியது. "இது தேறாது தம்பி, மாசத் தவணையில புதுசு எடுத்துக்குங்க" என்று கடையில் சொல்லிவிட்டார்கள். தங்கைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டவேண்டிய மாசம் அது. "அண்ணே, ரெண்டுல ஒண்ணுதான் கட்ட முடியும். நீங்களே சொல்லுங்க" என்றான்.

"உங்க ஊர் மலையைக் கேளு" என்றேன். ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறதே, அங்கே வானத்தைப் பார்க்கிறவர்கள் ஐம்பது வருஷத்துக்கும் மேலாக இதே கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

1968-ல் 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப் ஒன்றை வைத்து அங்கே கடை திறந்தார்கள். 1972-ல் கார்ல் ஜெய்ஸ் கம்பெனியின் 1 மீட்டர் டெலஸ்கோப் வந்தது. 1977-ல் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று காட்டிய பதிவுகளில் இதன் பதிவும் ஒன்று. 2022-ல் அதற்குப் பொன்விழாவே எடுத்தார்கள். அரை நூற்றாண்டு எப்படித் தாங்கியது? கண்ணாடியை விட்டுவிட்டு, அதன் பின்னால் மாட்டும் கருவியை மாற்றினார்கள். அந்தக் கால ஃபோட்டோ பிளேட், வந்து விழும் நூறு ஒளித்துகள்களில் ஒன்றிரண்டைத்தான் பிடிக்கும். பின்னால் வந்த சி.சி.டி. சிப் எண்பதுக்கு மேல் பிடிக்கும். ஒளிக் கணக்கில் மட்டும் பார்த்தால் 1 மீட்டர் கண்ணாடி 6 மீட்டர் கண்ணாடி ஆன மாதிரி!

அப்படியானால் புதுசே கட்டவில்லையா? கட்டினார்கள். இன்னும் மங்கலான நட்சத்திரங்களுக்குக் கண்ணாடியே போதவில்லை என்றபோது, 1986-ல் 2.34 மீட்டர் டெலஸ்கோப் வந்தது. அதற்காக உழைத்த வைணு பாப்பு 1982-லேயே காலமாகிவிட்டார். அவர் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். ஆனால் மழைக்கால மேகத்துக்கு எந்த பார்ட்டை மாற்றுவது? மலையை அப்கிரேட் பண்ண முடியாதே! 2000-ல் லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் டெலஸ்கோப் ஒன்றை நிறுத்தினார்கள். கண்ணாடி காவலூரை விடச் சின்னது, வானம் சுத்தம். அதற்காகக் காவலூரைப் பூட்டிவிடவும் இல்லை.

இப்போது உங்கள் மேஜைக்கு வாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க், ஃபோட்டோ பிளேட். மதர்போர்டு, மலை. மெஷின் திணறும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து எது நூறு சதவீதத்தில் மூச்சு வாங்குகிறது என்று பாருங்கள். டிஸ்க் என்றால் எஸ்.எஸ்.டி. போட்டால் போதும், பெட்டிக்குக் கல்யாணக் களை வந்துவிடும். மெமரி என்றால் ரேம் கூட்டுங்கள், டி.டி.ஆர்-3 ஸ்லாட்டில் டி.டி.ஆர்-4 உட்காராது, பார்த்து வாங்குங்கள். பிராசஸரே திணறினால் பெரும்பாலும் போர்டு, பிராசஸர், ரேம் மூன்றும் சேர்ந்தே மாறவேண்டி வரும். அது ஹான்லே செலவு. அப்போதும் கேபினெட், மானிட்டர், இன்றைக்கு வாங்கும் எஸ்.எஸ்.டி. எல்லாம் கூடவே வரும், வீண் இல்லை.

இன்னொரு மேகமும் உண்டு. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கான பட்டியலில் 2016 பிராசஸர்கள் இல்லை. ஊரார் கணக்கைப் பாதுகாப்பில்லாத மெஷினில் வைத்திருப்பது தப்பு. பையனுக்கு வேண்டியது பிரவுசரும் எக்செல் மாதிரி ஒன்றும்தான். ஆகவே எஸ்.எஸ்.டி., 8 ஜிபி ரேம், இலவச லினக்ஸ் என்று முடிவாயிற்று. ஃபீஸும் கட்டியாயிற்று. நாளைக்கே விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு சாஃப்ட்வேர் கட்டாயம் என்று வந்தால், அப்போது யோசிக்காமல் மலை மாறவேண்டியதுதான். அதையும் சொல்லியிருக்கிறேன்.

பார்ட்டைத் தொடும் முன் ஃபைல்களுக்கு ஒரு காப்பி எடுத்துவிடுங்கள். கடைக்குப் போகும் முன் டாஸ்க் மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உங்களிடம் எதையும் விற்கவேண்டிய அவசியம் இல்லாத ஆசாமி அது ஒன்றுதான்.