"சகலமும் அடக்கம்": மாலத்தீவுப் பயணச் செலவில் அடங்காதவை எவை?

2026 பிப்ரவரி 1-ந் தேதி மத்திய நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் சமர்ப்பித்த பட்ஜெட்டில், வெளிநாட்டுச் சுற்றுலாத் திட்டங்கள் மீது முன்கூட்டியே வசூலிக்கப்படும் வரி 2 சதவீதமாகக் குறைக்கப்படும் என்ற அறிவிப்பு இடம் பெற்றிருந்தது. அதற்கு முன் 10 லட்ச ரூபாய் வரை 5 சதவீதமும், அதற்கு மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதமும் வசூலிக்கப்பட்டு வந்தன. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எந்தத் தொகையானாலும் 2 சதவீதம்தான் என்பதே அறிவிப்பின் சாரம்.

இதைக் கேட்டதும் வெளிநாட்டுப் பயணம் மலிந்துவிட்டது என்ற எண்ணம் பலருக்கு ஏற்படுவது இயற்கை. தாராவியிலும் செம்பூரிலும் முலுண்டிலும் குடியிருக்கும் நம்மவர் குடும்பங்களில், "ஆயுளில் ஒரு தடவையாவது மாலத்தீவுக்குப் போய் வர வேண்டும்" என்ற ஆசை இப்போது புதிதல்ல. கையில் இருக்கும் போனில் நீலக் கடலும் வெண்மணலும் தினம் ஒரு தடவையாவது வந்து நிற்கின்றன. ஆனால் இந்த வரிக் குறைப்பால் பயணத்தின் விலை குறையவில்லை என்பதை முதலில் புரிந்து கொள்ள வேண்டும்.

டி.சி.எஸ். என்று சொல்லப்படும் இந்த வசூல் செலவுக் கணக்கில் சேராது. டிராவல் கம்பெனி அதை வாங்கி, பயணியின் பான் எண்ணில் வருமான வரி இலாகாவிடம் கட்டிவிடுகிறது. ஆண்டு முடிவில் அவர் கட்ட வேண்டிய வரியில் அது கழியும்; மிஞ்சினால் திரும்பக் கிடைக்கும். இரண்டரை லட்ச ரூபாய்த் திட்டத்துக்கு 5 சதவீதம் என்றால் 12,500 ரூபாய், 2 சதவீதம் என்றால் 5,000 ரூபாய். வித்தியாசமான 7,500 ரூபாய் சில மாதங்களுக்கு அரசாங்கத்திடம் இருப்பதற்குப் பதிலாகக் கையிலேயே இருக்கும். லாபம் அவ்வளவுதான்.

சம்பளக்காரர்களுக்கு 2024 அக்டோபர் முதல் வேறு ஒரு வசதியும் உண்டு. இப்படிக் கட்டிய தொகையை அலுவலகத்தில் தெரிவித்தால், சம்பளத்தில் பிடிக்கும் வரியிலேயே அதைக் கழித்துக் கொள்வார்கள். ஆனால் வரியே பிடிக்கப்படாத குமாஸ்தாவுக்கு இதனால் பயன் இல்லை. அவர் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்துதான் பணத்தைத் திரும்பப் பெற வேண்டும். பலர் "நமக்குத்தான் வரியே இல்லையே" என்று தாக்கல் செய்யாமல் இருந்துவிடுகிறார்கள். போன பணம் போனதுதான்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 2019-ல் கொண்டுவரப்பட்ட விதிப்படி, தனக்காகவோ பிறருக்காகவோ ஓர் ஆண்டில் வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்ச ரூபாய்க்கு மேல் செலவிட்டவர், வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். மகன் பெற்றோரை அனுப்பி வைத்தாலும், பணம் கொடுத்த மகனுக்குத்தான் இந்தப் பொறுப்பு.

விலைப்பட்டியலும் பில்லும்

இனி உண்மையான செலவுக்கு வருவோம். மாலத்தீவு ரிசார்ட்டுகளின் விலை டாலரில் சொல்லப்படுகிறது. பல இடங்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் சிறிதாக இருக்கும். ஒன்று சர்வீஸ் சார்ஜ், மற்றது வரி. கண்ணில் படாத அந்த இரண்டு குறிகள்தான் கணக்கைத் தலைகீழாக்குகின்றன.

சர்வீஸ் சார்ஜ் வழக்கமாக 10 சதவீதம். சுற்றுலாத் துறைக்கான மாலத்தீவின் ஜி.எஸ்.டி. 2023 ஜனவரியில் 12-லிருந்து 16 சதவீதமாகவும், 2025 ஜூலையில் 17 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. சர்வீஸ் சார்ஜையும் சேர்த்த தொகையின் மீதுதான் இந்த வரி விழும். தவிர, "பசுமை வரி" என்று ஒன்று உண்டு. ரிசார்ட்டுகளில் தலைக்கு ஓர் இரவுக்கு 6 டாலராக இருந்த இது 2025 ஜனவரியில் 12 டாலராக இரட்டிப்பாகியது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். கணவன், மனைவி இருவர், நான்கு இரவுகள், ஓர் இரவுக்கு 300 டாலர் என்று வைத்துக் கொள்வோம். விளம்பரத்தைப் பார்த்தவர் 1,200 டாலர் என்று மனக்கணக்குப் போடுவார். டாலருக்கு 90 ரூபாய் வீதம் 1,08,000 ரூபாய். சர்வீஸ் சார்ஜ் சேர்ந்தால் 1,320 டாலர். ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 1,544. பசுமை வரி 96 டாலர் சேர்ந்தால் 1,640. விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் போய்வர வேகப் படகுக்குத் தலைக்கு 150 டாலர் என்றால் மொத்தம் 1,940 டாலர். ரூபாயில் ஏறக்குறைய 1,74,600. ஒரு லட்சத்து எட்டாயிரத்துக்கும் இதற்கும் உள்ள இடைவெளி ஒரு குமாஸ்தாவின் இரண்டு மாதச் சம்பளமாகக்கூட இருக்கலாம்.

இதில் விமான டிக்கெட் சேரவில்லை. அந்த டிக்கெட்டுக்குள்ளும் ஒன்று ஒளிந்திருக்கிறது. 2024 டிசம்பர் முதல் மாலத்தீவிலிருந்து சாதாரண வகுப்பில் புறப்படும் வெளிநாட்டவர் ஒவ்வொருவருக்கும் புறப்பாட்டு வரி 50 டாலர், விமான நிலைய வளர்ச்சிக் கட்டணம் 50 டாலர். இருவருக்கு 18,000 ரூபாய் இதற்கே போய்விடும். இந்தியாவில் உள்ள ஏஜெண்டிடம் முழுத் திட்டமாக வாங்கினால் நம் நாட்டு ஜி.எஸ்.டி. 5 சதவீதம் வேறு. ஆகவே ஏஜெண்டிடம் கேட்க வேண்டிய கேள்வி, "ராத்திரிக்கு எவ்வளவு?" என்பதல்ல, "எல்லா வரியும், படகும் சேர்த்து, வீட்டிலிருந்து புறப்பட்டு வீடு திரும்ப எவ்வளவு?" என்பதே. பதிலை எழுத்தில் வாங்கிக் கொள்வது நல்லது.

தீவு தூரமாக இருந்தால் படகு போகாது, கடல் விமானம்தான். அதற்குத் தலைக்குச் சில நூறு டாலர்கள். கடல் விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கும். மாலையில் மாலே வந்து இறங்குகிறவர் அன்றிரவு அங்கேயே ஒரு ஓட்டலில் தங்கி, மறுநாள் காலையில்தான் தீவுக்குப் போக முடியும். ரிசார்ட்டில் ஓர் இரவுக்குப் பணம் கட்டிவிட்டு வேறிடத்தில் படுத்துத் தூங்கிய அனுபவம் இப்படித்தான் நேர்கிறது. மலிவான விமான டிக்கெட்டைத் தேடுகிறவர் அது எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஏன் இவ்வளவு வரி?

மாலத்தீவில் மீனைத் தவிர ஏறக்குறைய எல்லாமே வெளியிலிருந்து வர வேண்டும். அரிசி, வெங்காயம், முட்டை, வீடு கட்டும் மணல், ஜல்லி எல்லாம் கடல் தாண்டித்தான் வருகின்றன. தூத்துக்குடித் தோணிகள் காய்கறியும் கட்டுமானச் சாமான்களும் ஏற்றிக் கொண்டு மாலேக்குப் போவது நெடுங்கால வழக்கம். இத்தனைக்கும் கொடுக்க டாலர் வேண்டும். டாலர் வருவது சுற்றுலாப் பயணிகளிடமிருந்து. கடன் சுமையும் டாலர் தட்டுப்பாடும் நெருக்கவே, 2024 அக்டோபரில் அந்நாட்டு ஜனாதிபதி முய்சு டில்லி வந்தபோது 40 கோடி டாலருக்கும் 3,000 கோடி ரூபாய்க்கும் நாணயப் பரிமாற்ற உதவி அளிக்க இந்தியா ஒப்புக் கொண்டது. புறப்பாட்டு வரி டிசம்பரிலும், பசுமை வரி ஜனவரியிலும், ஜி.எஸ்.டி. அடுத்த ஜூலையிலும் அடுத்தடுத்து உயர்ந்ததை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். நெருக்கடி தீராதவரை இவை இறங்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

2024 ஜனவரியில் பிரதமர் மோடியின் லட்சத்தீவுப் பயணத்தை ஒட்டி எழுந்த சச்சரவு பலருக்கும் நினைவிருக்கும். 2023-ல் இரண்டு லட்சத்துக்கு மேல் பயணிகளை அனுப்பி முதலிடத்தில் இருந்த இந்தியாவிலிருந்து 2024-ல் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் பேரே சென்றனர். 2025 ஜூலையில் பிரதமரே மாலே சென்று வந்தபின் உறவு சீரடைந்தது. உறவு சீரடைந்தாலும் டாலர் இறங்கவில்லை. 2022 ஜூலையில் முதன்முதலாக 80 ரூபாயைத் தொட்ட டாலர், 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. மேலே சொன்ன 1,940 டாலர் பில்லில் மட்டும் இந்தப் பத்து ரூபாய் 19,400 ரூபாயைக் கூட்டிவிடுகிறது. வரிக் குறைப்பில் கையில் நின்ற 7,500 ரூபாயை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

குடிக்காதவர் கொடுக்கும் காசு

"சகலமும் அடக்கம்" என்ற ஏற்பாடு ஐரோப்பாவில் பிறந்தது. 1950-ல் ஜெரார் பிளிட்ஸ் என்ற பெல்ஜியக்காரர் ஸ்பெயினைச் சேர்ந்த மயோர்க்கா தீவில் கூடாரங்கள் அடித்து, ஒரே கட்டணத்தில் தங்குமிடம், சாப்பாடு, விளையாட்டு எல்லாம் என்று ஆரம்பித்தார். கிளப் மெட் என்ற பெரிய ஸ்தாபனம் அதிலிருந்து வளர்ந்தது. போரில் நொந்துபோன மக்கள் கையில் பர்ஸ் இல்லாமல் ஒரு வாரம் நடமாடலாம் என்பதே அதன் கவர்ச்சி. மாலத்தீவில் முதல் ரிசார்ட்டான குரும்பா 1972-ல் திறக்கப்பட்டது.

இப்போதைய ரிசார்ட்டுகளில் இந்த வகைத் திட்டத்தின் விலை கூடுதலாக இருப்பதற்கு முக்கிய காரணம் மதுபானம். மூன்று வேளைச் சாப்பாடு மட்டும் உள்ள திட்டத்துக்கு "ஃபுல் போர்டு" என்று பெயர். அதற்கும் "ஆல் இன்க்ளூசிவ்" திட்டத்துக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் பெரும் பங்கு பாட்டிலுக்குப் போகிறது. மது தொடாத தம்பதி சகலமும் அடங்கிய திட்டத்தை வாங்கினால், பக்கத்து மேஜைக்காரரின் குடிக்குத் தாங்கள் பணம் கட்டுகிறார்கள். நம் வீட்டுப் பெண்களில் பெரும்பாலோருக்கும், குழந்தைகளுக்கும் ஃபுல் போர்டே போதும். ஆனால் அதில் குடிதண்ணீர், காபி, டீ அடங்குமா என்று கேட்டுக் கொள்ள வேண்டும். ரிசார்ட் தீவில் வேறு கடை கிடையாது. தண்ணீர் பாட்டிலுக்கும் டாலர் கணக்கில்தான் பில் வரும்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் முன்கூட்டியே எழுதிச் சொல்லிவிடுவது நலம். இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். மாலத்தீவுக்குள் மதுபானமும், பன்றி இறைச்சியும், வழிபாட்டுக்கான விக்கிரகங்களும் கொண்டு போகக் கூடாது. பெட்டியில் சின்னப் பிள்ளையார் வைத்துக் கொள்ளும் வழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ரிசார்ட்டை விட்டால் வழியில்லை என்று எண்ண வேண்டாம். 2009-க்குப் பிறகு மாலத்தீவு மக்கள் வசிக்கும் தீவுகளிலும் விருந்தினர் விடுதிகள் அனுமதிக்கப்பட்டன. மாஃபுஷி இவற்றில் பெயர் பெற்றது. 50 அறைகளுக்கு உட்பட்ட சிறு விடுதிகளில் பசுமை வரி 6 டாலர்தான். அரசாங்கப் படகில் குறைந்த காசில் போகலாம். வெள்ளிக்கிழமைகளில் பொதுவாக அது ஓடாது. இந்தத் தீவுகளில் மது கிடையாது, உடை விஷயத்தில் ஊர்க் கட்டுப்பாடும் உண்டு. நம் குடும்பங்களுக்கு இவை இரண்டும் குறையாகத் தோன்றப் போவதில்லை. கடல் ஒரே கடல்தான்.

ஆபீசில் கிடைக்காத பணம்

மத்திய அரசு, வங்கி உத்தியோகஸ்தர்கள் சிலர் விடுமுறைப் பயணச் சலுகையான எல்.டி.சி.யை வெளிநாட்டுப் பயணத்தோடு இணைத்துவிடலாம் என்று கணக்குப் போடுவது உண்டு. இதற்கு 2022 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. வழக்கில் வந்த பயண வழியே சுவாரஸ்யமானது: டில்லியில் புறப்பட்டு மதுரை, அங்கிருந்து கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர், மீண்டும் கொழும்பு, டில்லி. இடையில் மதுரை இருக்கிறதே என்ற வாதம் எடுபடவில்லை. இந்தியாவுக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு, மிகக் குறுகிய வழியில் செல்லும் பயணத்துக்கே வரிவிலக்கு என்று கோர்ட் கூறிவிட்டது. வரி பிடிக்காத பாரத ஸ்டேட் வங்கி வழக்கில் தோற்றது. எல்.டி.சி. பணத்தில்தான் கடல் பார்க்க வேண்டும் என்றால் அந்தமான் இருக்கிறது.

ஆகவே பணம் சேமிப்பிலிருந்து வர வேண்டும், அல்லது கடனாக வர வேண்டும். "இப்போது போங்கள், பிறகு கட்டுங்கள்" என்ற விளம்பரங்கள் இரண்டாவது வழியைக் காட்டுகின்றன. 2 லட்ச ரூபாய்க்கு 14 சதவீத வட்டியில் 24 மாதத் தவணை என்றால் மாதம் சுமார் 9,600 ரூபாய். வட்டி மட்டும் 30,000 ரூபாயைத் தாண்டும். நான்கு நாள் கடலுக்கு இரண்டு வருஷத் தவணை. அந்த இரண்டு வருஷத்திலும் கோடை விடுமுறைக்குத் திருநெல்வேலிக்கோ விழுப்புரத்துக்கோ ரெயில் ஏற வேண்டும், ஊரில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் மொய் எழுத வேண்டும் என்பதைத் தவணைக் கணக்குப் போடும் கம்ப்யூட்டர் அறியாது. அதே 9,600 ரூபாயை முதலில் மாதாமாதம் தொடர் வைப்பில் போட்டு வந்தால் இருபது, இருபத்தொரு மாதத்தில் 2 லட்சம் கையில் இருக்கும். வட்டி நமக்கு வரும்.

போகும் மாதத்தைப் பொறுத்தும் விலை மாறும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே வறண்ட பருவம், விலை உச்சம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளில் விசேஷ விருந்து என்று தனிக் கட்டணம் பல ரிசார்ட்டுகளில் கட்டாயம்; வேண்டாம் என்றாலும் பில்லில் ஏறும். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் விலை இறங்குகிறது. மும்பைப் பள்ளிகளின் கோடை விடுமுறை இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. மே மாதத் தள்ளுபடியில் முன்பணம் கட்டுகிறவர்கள், மழையால் படகு நின்றாலோ, விமானம் ரத்தானாலோ எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும் என்ற விதியைப் பணம் கட்டும் முன்பே படித்துவிட வேண்டும். "திருப்பித் தரப்படாது" என்று போட்ட விலைதான் பட்டியலில் எப்போதும் குறைவாக இருக்கும்.