எந்த ஊர் என்று கேட்காத கணக்கு

இந்தியாவின் 6,44,131 கிராமங்களில் 6,12,952 கிராமங்களுக்கு 3ஜி அல்லது 4ஜி இணையம் வந்துவிட்டது என்கிறது ஒன்றிய அரசின் 2024 ஏப்ரல் கணக்கு. சதவீதத்தில் 95.15. தாமிரபரணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் இந்த எண்ணைச் சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள், சிரிப்பார்கள். இங்கே ஒரு வருவாய்க் கிராமம் என்பது ஆற்றங்கரையில் ஒரு தெரு, வாழைத் தோட்டங்களைத் தாண்டி ஒரு காலனி, குளத்துக்கு அந்தப் பக்கம் இருபது வீடுகள் என்று சிதறிக் கிடப்பது. டவருக்குப் பக்கத்துத் தெருவில் வீடியோ ஓடும். குளத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஓடிபி வருவதற்கே மொட்டை மாடி ஏற வேண்டும். பட்டியலில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஓர் ‘ஆம்’தான். ஸ்ரீவைகுண்டம் அணையின் கீழ் இத்தனை ஆயிரம் ஏக்கர் ஆயக்கட்டு என்று கோப்பில் இருப்பதும், கடைமடைக் குளத்துக்குத் தண்ணீர் வந்ததா என்பதும் வெவ்வேறு சங்கதி என்று அறிந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த இடைவெளியில் பிழைப்பு நடத்துபவர்கள்தான் சிறு இணையச் சேவைக்காரர்கள். பலர் முன்பு கேபிள் டிவி நடத்தியவர்கள். ‘கேபிள்காரர்’ இப்போது ‘நெட்காரர்’ ஆகியிருக்கிறார். ஃபைபர் இழுக்க முடிந்த தெருவுக்கு ஃபைபர். முடியாத இடத்துக்கு உயரமான கட்டடத்தில் ஒரு ரேடியோ, வாடிக்கையாளர் வீட்டு மாடியில் இரும்புக் குழாயில் கட்டிய சின்ன டிஷ். 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம் என்று 2018 அக்டோபரில் அரசு அறிவித்த பிறகு இந்தத் தொழில் எளிதானது. முழுக்க எளிதாகிவிடவில்லை. ரேடியோவும் டிஷ்ஷும் ஒன்றையொன்று நேராகப் பார்த்தாக வேண்டும். தென்னை உயர்ந்தால் வேகம் குறையும். ஈரம் நிறைந்த இலை அலையைத் தின்றுவிடும். தாமிரபரணிக் கரையில் தென்னையும் வாழையும் இல்லாத திசை எது?

தமிழ்நாட்டுக்கு இது புதிய வித்தையும் அல்ல. சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய ‘கார்டெக்ட்’ கம்பியில்லாத் தொழில்நுட்பம் 2001-லேயே மேலூர் வட்டாரக் கிராமங்களுக்கு இணைய மையங்களைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில், பெர்க்லி ஆய்வாளர்களோடு சேர்ந்து தேனிப் பகுதியின் கிராமக் கண் பரிசோதனை மையங்களை நெடுந்தூர வைஃபை மூலம் இணைத்தது அரவிந்த் கண் மருத்துவமனை. பெரிய நிறுவனங்கள் கணக்குப் போட்டுப் பார்த்து ஒதுங்கிய இடங்கள் அவை.

சரி, இன்றைய சிறியவர்கள் அரசின் கணக்கில் எங்கே இருக்கிறார்கள்? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் மாதந்தோறும் வெளியிடும் அறிக்கையைப் பாருங்கள். கைபேசி இணைப்பு, கம்பிவழி இணைப்பு, நிலையான கம்பியில்லா இணைப்பு என்று வரிசைகள் உண்டு. முதல் ஐந்து நிறுவனங்களின் பங்கு 98 சதவீதத்துக்கும் மேல். மிச்சமிருக்கும் துண்டில்தான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உரிமதாரர்கள். அவர்களிடம் மொத்த இணைப்பாகச் சேவை வாங்கித் தெருவுக்கு விற்பவர்கள் அதிலும் தனியாகத் தெரியமாட்டார்கள். அவர்களின் சந்தாதாரர்கள் மேலே இருக்கும் நிறுவனத்தின் பெயரில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

எண்ணிக்கை சிறியது என்பதல்ல என் குறை. அந்த எண்ணுக்கு ஊர் இல்லை. சிறு நிறுவனம் எடுக்கும் ‘சி’ பிரிவு உரிமத்தின் எல்லை பழைய தொலைபேசித் துறை வகுத்த பகுதி. ட்ராய் அறிக்கையின் அலகு ‘தமிழ்நாடு வட்டம்’. புதுச்சேரியும் அதற்குள் அடக்கம். சென்னை வேளச்சேரியின் இணைப்பும் தென்திருப்பேரையின் இணைப்பும் அங்கே ஒன்றாகக் கூட்டப்படுகின்றன. கிராமம், நகரம் என்ற ஒரு பிரிப்பு உண்டு. எந்தக் கிராமம் என்ற கேள்வி கிடையாது. இத்தனைக்கும் 2 எம்பிபிஎஸ் வேகம் வந்தாலே அது ‘பிராட்பேண்ட்’. 2023 ஜனவரி வரை 512 கேபிபிஎஸ் போதுமானதாக இருந்தது.

இதெல்லாம் புள்ளிவிவரப் பிரியர்களின் கவலை என்று ஒதுக்கிவிடலாம், பணம் இதன்மேல் நகராவிட்டால். ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுசெல்லும் பாரத்நெட் திட்டத்தின் திருத்திய வடிவத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2023-ல் ஒதுக்கியது 1.39 லட்சம் கோடி ரூபாய். தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்கும் வேலை மாநில அரசின் டான்ஃபினெட் நிறுவனத்தின் வசம். பாரத்நெட் அறிக்கைகளில் ‘சேவைக்குத் தயார்’ என்றொரு பிரிவு வரும். ஊராட்சி அலுவலகத்தில் பெட்டி வந்து உட்கார்ந்துவிட்டால் ஊர் தயார். அதிலிருந்து எத்தனை வீட்டுக்குக் கம்பி போனது என்பது வேறு கணக்கு. பெட்டிக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தை நெட்காரர் ஏற்கெனவே ரேடியோவால் கடந்திருக்கலாம். அது யாருக்கும் தெரியாது. ஒருங்கிணைந்த உரிமத்தின்படி நெட்காரர் வருவாயில் செலுத்தும் 8 சதவீதக் கட்டணத்தில் 5 சதவீதப் புள்ளி, இப்போது டிஜிட்டல் பாரத் நிதி எனப்படும் கிராமத் தொலைத்தொடர்பு நிதிக்கே போகிறது. அதாவது, எந்த ஊரில் சேவை தருகிறார் என்றே கேட்காமல் அவரிடம் ஊர்களுக்கான பணம் வாங்கப்படுகிறது.

ஊரைக் கேட்டால் மட்டும் போதாது, சொன்னதைச் சரிபார்க்கவும் வேண்டும் என்பதற்கு அமெரிக்கா பாடம். அங்கே ‘படிவம் 477’ என்ற ஏற்பாட்டில், ஒரு கணக்கெடுப்புத் தொகுதியில் ஒரே ஒரு வீட்டுக்குச் சேவை தர முடிந்தாலும் தொகுதி முழுவதும் சேவை உள்ளதாகப் பதிவானது. நியூயார்க் பகுதியைச் சேர்ந்த பேரியர்ஃப்ரீ என்ற சிறு நிறுவனம் எட்டு மாநிலங்களில், சுமார் 6.2 கோடிப் பேர் வாழும் பகுதிக்குச் சேவை தருவதாக எழுதிக் கொடுத்தது. அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமும் வாங்கி வைத்துக்கொண்டது. 2019-ல் ஒரு பொதுநல அமைப்பு கண்டுபிடித்துச் சொன்ன பிறகு, பிராட்பேண்ட் இல்லாதவர்கள் 1.94 கோடி என்ற தேசிய எண்ணே 2.13 கோடியாகத் திருத்தப்பட்டது. 2020-ல் புதுச் சட்டம் வந்தது. 2022 நவம்பரில் வீடு வீடாகக் காட்டும் வரைபடம் வெளியானது. அதில் தவறு கண்டால் குடிமகனே ஆட்சேபிக்கலாம். 4,245 கோடி டாலர் உதவித்தொகை அந்த வரைபடத்தின்படிதான் மாநிலங்களுக்குப் பங்கிடப்பட்டது.

இங்கேயும் ஊர்வாரிக் கணக்கு கொடுக்க வேண்டும் என்றால் நம் ஊர் நெட்காரர் ஆளை விடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிடுவார். ஏற்கெனவே ட்ராய்க்கு அறிக்கை, தொலைத்தொடர்புத் துறைக்கு வருவாய்க் கணக்கு, ஜிஎஸ்டி, வாடிக்கையாளர் ஆவணம், இரண்டு ஆண்டுகளுக்குப் பயன்பாட்டுப் பதிவுகள். பல இடங்களில் கம்பம் ஏறுபவரும் படிவம் நிரப்புபவரும் ஒரே ஆள். ஊர்வாரியாகச் சொன்னால் பெரிய நிறுவனம் அந்த ஊருக்கே வந்து விலையை அடித்துவிடும் என்ற பயமும் அவருக்கு உண்டு. நியாயமான பயம். எத்தனை சந்தாதாரர் என்பதை வெளியிட வேண்டியதில்லை. இந்தக் குடியிருப்பில் சேவை கிடைக்கும் என்ற தகவல் போதும். விளம்பரத் தட்டியில் அவரே எழுதி வைப்பதுதான் அது.

அந்தத் தகவல் பேரிடரிலும் தேவைப்படும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செந்தூர் விரைவு ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. கரையோர ஊர்கள் பலவற்றில் போன் செத்துக் கிடந்தது. எந்தக் கட்டடத்தில் யாருடைய ரேடியோ இருக்கிறது, எதற்கு பேட்டரி உண்டு என்று பார்த்துச் சொல்ல ஒரு பொதுப் பட்டியல் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

ட்ராயின் 2024 விதிமுறையால் கைபேசி நிறுவனங்கள் தங்கள் சேவைப் பரப்பை வரைபடமாக வெளியிட ஆரம்பித்திருக்கின்றன. கம்பிவழி, நிலையான கம்பியில்லா இணைப்புகளுக்கும் அது நீள வேண்டும். குடிநீர்க் குழாய்க்கு ஜல் ஜீவன் திட்டம் கிராமவாரியாகக் கணக்கு வெளியிடுகிறது. அதில் பொய் இருக்கிறது என்று ஊர்க்காரர்கள் சண்டை போட முடிவதே ஊர் பெயர் அதில் இருப்பதால்தான். இணையத்துக்கும் அப்படியொரு பட்டியலைக் கிராம சபையில் வாசிக்கலாம். ‘எங்கள் தெருவுக்கு இல்லை’ என்பதைத் தீர்மானமாக எழுதலாம். ட்ராய்க்கு இப்போதே கொடுக்கும் காலாண்டுப் படிவத்தில் கிராமக் குறியீட்டுக்கு ஒரு கட்டம் கூடினால் ஆரம்பத்துக்குப் போதும்.

மறுவிற்பனையாளரின் ஊர்களை மேலே உள்ள நிறுவனம்தான் சொல்ல வேண்டியிருக்கும் என்பதுதான் சிக்கல். இந்தக் கட்டத்தை முதலில் எதிர்ப்பவர் கருங்குளத்திலோ ஏரலிலோ டிஷ் கட்டுபவராக இருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். ஊர் ஊராகப் பிரித்தால் 98 சதவீதத்தின் உள்ளே எத்தனை ஓட்டை என்று தெரிந்துவிடுமே என்று கவலைப்பட வேண்டியவர்கள் வேறு.