வெள்ளம் இரண்டு, விளக்கம் ஒன்று: ஃபெஞ்சலுக்குப் பின் எங்கள் நிலைப்பாடு

நிவாரணத் தொகை ஓரளவு கொடுத்து முடிந்தது. மத்தியக் குழுவும் வந்து பார்த்துவிட்டுப் போனது. இனி இதில் பேச என்ன இருக்கிறது என்ற தொனி அதிகாரிகளின் பேச்சில் ஏறிவிட்டது. எனவே விழுப்புரம், திண்டிவனம் வட்டார உறுப்பினர்கள் வற்புறுத்தியதன் பேரில் நம் சங்கத்தின் செயற்குழு இந்த நிலைப்பாட்டை வெளியிடுகிறது. நடந்ததை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தண்ணீரில் நின்றவர்கள் நீங்கள். நடந்ததற்குச் சொல்லப்படும் ‘வரலாறு காணாத மழை’ என்ற விளக்கத்தை ஏற்க முடியுமா என்பதுதான் எங்கள் முன் இருந்த கேள்வி.

ஒரு பகுதியை ஏற்கிறோம். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் நகராமல் அங்கேயே நின்றது. மறுநாள் காலைக் கணக்கில் மயிலத்தில் 51 செ.மீ., திண்டிவனத்தில் 37 செ.மீ. மழை பதிவாகியிருந்தது. ஒரு பருவம் முழுக்கப் பெய்ய வேண்டியது ஏறத்தாழ ஒரே நாளில் கொட்டினால் எந்த ஊரின் வடிகாலும் தாங்காது. இதில் மாற்றுக் கருத்துள்ள உறுப்பினர்கள் இருக்கிறார்கள். திண்டிவனம் கிடங்கல் ஏரிப் பக்கத்துக்காரர்கள் செயற்குழுவில் கடுமையாகவே பேசினார்கள். அதைப் பதிவு செய்துகொண்டு, அந்த முதல் வெள்ளத்தைப் பொறுத்தவரை நிர்வாகத்தின் மீது பெருமளவில் குற்றம் சுமத்துவதைத் தவிர்க்கிறோம்.

இரண்டாவது வெள்ளத்தை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அது டிசம்பர் 2 அன்று தென்பெண்ணையில் வந்தது. மேலே கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்த மழை சாத்தனூர் அணைக்கு இறங்கியது. அதிகாலையில் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டது. ஆறு கொள்ளாமல் மலட்டாற்றில் ஏறி, இருவேல்பட்டுக்குள் புகுந்து, அரசூரில் சென்னை – திருச்சி தேசிய நெடுஞ்சாலையையே மறித்தது. வானத்திலிருந்து விழும் தண்ணீருக்கு முகவரி கிடையாது. ஆற்றில் வரும் தண்ணீர் திருக்கோவிலூரைத் தாண்டித்தான் எல்லீஸ் சத்திரம் வர வேண்டும். அது வந்து சேரும் நேரத்தைப் பொதுப்பணித் துறைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கணக்குப் போட்டு வருகிறார்கள். வரலாறு காணாத மழை என்ற ஒரே சொல்லை எடுத்து இரண்டு வெள்ளத்தின் மேலும் போர்த்துவதை நாங்கள் ஏற்கவில்லை.

அணையைத் திறந்தது தவறு என்று இந்த அறிக்கை சொல்லவில்லை. 119 அடி அணை நிரம்பும் நிலையில் இருக்கும்போது திறக்காமல் இருக்க முடியாது. திறக்காமல் ஏதேனும் ஆகியிருந்தால் இதை எழுத நாங்கள் இருந்திருப்போமா என்பது சந்தேகம். முன்கூட்டியே படிப்படியாகத் திறந்திருக்கலாமா என்பதை நிபுணர்கள் ஆராயட்டும். அதற்கு, நவம்பர் 29 முதல் டிசம்பர் 3 வரை அணைக்கு வந்த நீர், வெளியேறிய நீர் ஆகியவற்றை மணிவாரியாக நீர்வளத் துறை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் கோபம் எச்சரிக்கை பற்றியது. ஐந்து முறை எச்சரிக்கை கொடுத்தோம் என்கிறது அரசு. கொடுத்திருக்கலாம். யாரிடம் கொடுத்தார்கள்? கரையோரத்தில் படுத்திருந்தவர் காதுக்கு அது எந்த வழியாக, எத்தனை மணிக்கு வந்தது? செயற்குழுவில் இந்தக் கேள்விக்கு ஒரே மாதிரியான பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது: தண்ணீர்தான் எழுப்பியது. புயலில் மின்சாரம் போய் இரண்டு நாளாகியிருந்தது. செல்போனில் சார்ஜ் இல்லை, பல இடங்களில் டவரும் இல்லை. தொலைக்காட்சியில் ஓடிய எழுத்து இருட்டு வீட்டில் யாருக்குத் தெரியும்? புயலுக்கு இரண்டு மாதங்களுக்கு முன் அரசு அறிமுகப்படுத்திய டிஎன்-அலர்ட் செயலி நல்ல முயற்சிதான். அணைந்துபோன போனில் செயலி என்ன செய்யும்?

தண்டோரா போடும் முறை 2022இல் நிறுத்தப்பட்டது. அதை வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஒரு சாதியார் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத் தெருவாக நடப்பது ஒழிய வேண்டிய வழக்கம்தான். அதற்குப் பதிலாக வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்றது அரசு. அந்த வாகனம் எங்கே? அதிகாலை மூன்று மணிக்கு அதை ஓட்ட வேண்டியவர் யார், டீசலுக்குப் பணம் எந்தத் தலைப்பில்? ஒன்றை எடுத்துவிட்டு அதன் இடத்தில் எதையும் வைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

எச்சரிக்கை வந்த இடத்திலும் அது கன அடியில் வந்தது. லட்சத்து அறுபத்தெட்டாயிரம் கன அடி என்றால் ஒரு பாட்டி என்ன செய்ய வேண்டும்? மாட்டை அவிழ்த்துவிட வேண்டுமா, மாடிக்குப் போனால் போதுமா, ஊரையே விட்டுக் கிளம்ப வேண்டுமா? ஐம்பதாயிரத்தில் எந்தக் கொல்லை மூழ்கும், ஒரு லட்சத்தில் எந்தத் தெரு, ஒன்றரை லட்சத்தில் பள்ளிக்கூடத்துப் படியில் எத்தனையாவது படி என்று ஒவ்வொரு கரையோர ஊரிலும் சுவரில் கோடு போட்டு வைக்க முடியும். 2021 நவம்பரில் இதே ஆறு பெருகியபோது தண்ணீர் நின்ற அடையாளம் எல்லாச் சுவரிலும் இருந்தது. மூன்று வருடத்தில் அதன் மேல் ஒரு டப்பா பெயிண்ட் அடிக்க ஆளில்லை.

இது ஊராட்சி செய்யக்கூடிய வேலை. ஊராட்சிதான் செய்ய வேண்டிய வேலையும்கூட. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005 இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. அதன் 41ஆவது பிரிவு உள்ளாட்சி அமைப்புகளின் கடமைகளைச் சொல்கிறது. 25ஆவது பிரிவின்படி மாவட்டப் பேரிடர் ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர். உள்ளாட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இணைத் தலைவர். இணைத் தலைவர்! அந்த வெள்ள நாட்களில் அந்த நாற்காலியை யாராவது பார்த்தீர்களா? விழுப்புரம் மாவட்டத்தில் 688 ஊராட்சிகள் இருக்கின்றன. தலைவர்களை 2021இல் நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தோம். வெள்ளத்தன்று அவர்களில் பலர் சொந்தக் காசில் ஜேசிபி பிடித்துக் கரையை அடைத்தார்கள், சோறு பொங்கினார்கள். மணல் மூட்டைக்குக்கூட ஒன்றிய அலுவலகத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. எதுவும் செய்யாமல் வீட்டோடு இருந்த தலைவர்களும் உண்டு; அதை மறைத்து இந்த அறிக்கை எழுதினால் உறுப்பினர்கள் எங்களைச் சும்மா விடமாட்டார்கள்.

இருவேல்பட்டில் வெள்ளத்தைப் பார்வையிட வந்த அமைச்சர் மீது சேறு வீசப்பட்டதைச் செயற்குழு ஏற்கவில்லை. இந்த வாக்கியத்தின் மீது ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. வீசியவர்களைப் பிடிக்கக் காட்டிய வேகத்தை, வெள்ளம் வருவதற்கு முந்தைய இரவு காட்டியிருந்தால் அந்தச் சேறே இருந்திருக்காது என்று சில உறுப்பினர்கள் சொன்னதையும் சேர்த்தே வெளியிடுவது என்று முடிவானது.

நிவாரணம் பற்றி. குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் என்ற தொகையைவிட, இரண்டு நாளுக்கு மேல் தண்ணீர் சூழ்ந்திருக்க வேண்டும் என்ற அளவுகோல்தான் ஊருக்கு ஊர் சண்டை மூட்டியது. ஒரே நாளில் வடிந்தாலும் நனைந்த நெல் நனைந்ததுதான். இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்றார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரியில் 30,000, அட்டைக்கு 5,000. கண்டமங்கலத்தில் பெய்ததும் திருபுவனையில் பெய்ததும் ஒரே மழை. மத்திய அரசு விடுவித்த 944.80 கோடி ரூபாய் மாநிலப் பேரிடர் நிதிக்கு எப்படியும் வர வேண்டிய பங்கு. அதைச் சலுகை போலச் சொல்ல வேண்டாம்.

நீர்நிலை ஆக்கிரமிப்புகளை, குடியிருக்கும் ஏழைகளுக்கு மாற்று இடம் தந்து, பாரபட்சமின்றி, சட்டப்படி அகற்ற வேண்டும். ஆக்கிரமிப்பு இடங்களில் வீடு உள்ளவர்கள் நம் சங்கத்திலும் இருப்பதால் இதைவிட விரிவாகச் சொல்லச் செயற்குழுவால் இயலவில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம்: விழுப்புரத்தில் ஏரியில் பேருந்து நிலையம் கட்டியது எந்த ஏழை?

தென்பெண்ணையின் தளவானூர் தடுப்பணை பற்றித் தனி அறிக்கை வரும். சுமார் 25 கோடியில் கட்டித் திறந்த சில மாதங்களிலேயே 2021 ஜனவரியில் உடைந்த அந்தக் கதைக்கு இங்கே இடம் போதாது.

உறுப்பினர்கள் செய்ய வேண்டியது: ஜனவரி 26 கிராம சபைக்குத் தவறாமல் போங்கள். அணை திறப்பின் நேரமும் அளவும் கரையோர ஊராட்சித் தலைவர், நகராட்சி வார்டு உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் நேரடியாகத் தொலைபேசியில் வர வேண்டும். பேட்டரியில் ஓடும் சங்கும் ஒலிபெருக்கியும் ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும். அடுத்த பருவமழைக்கு முன் வெள்ள அளவுக் கோடு வரைய வேண்டும். மணல் மூட்டைக்கும் படகுக்கும் ஊராட்சியே செலவழிக்க அனுமதி வேண்டும். இந்த நான்கையும் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். வரைவு நம் அலுவலகத்தில் கிடைக்கும். “பேசப்பட்டது” என்று எழுதிப் பதிவேட்டை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்மானம் முழுசாக எழுதப்பட்ட பிறகு வாங்கிப் படித்துப் பார்த்துப் போடுங்கள்.

– செயற்குழு