கேட்டபின் கேளுங்கள்!

இணையப் போட்டிகளில் தமிழ்ப் பாட்டுக்கும் தமிழ்க் கோயிலுக்கும் தமிழ்க் கலைஞர்க்கும் ஒப்போலை திரட்ட நம் இதழ் வேண்டுகோள் விடுக்க வேண்டும் என்று இளைய அன்பர் பலர் எழுதிய வண்ணம் உள்ளனர். தமிழனாயின் உடனே அழுத்துக, பத்துப் பேர்க்கு அனுப்புக என்னும் பொருள்படும் செய்திகளும் கைப்பேசிதோறும் வந்து குவிகின்றன. (வாக்கு என்பது வடசொல், ஒப்போலை என்றே எழுதுக.) அன்பர்தம் ஆர்வத்தை நாம் குறைத்து மதிக்கவில்லை. நண்பரிடமும் சுற்றத்தாரிடமும் ஒப்போலை கேட்பது இழிவும் அன்று. ஆனால் எதற்குக் கேட்கின்றோம், கேட்டுப் பெற்றபின் என் செய்தோம் என்பவற்றை எண்ணிப் பார்க்கும் கடமை நமக்கு உண்டு.

2002ஆம் ஆண்டில் பி.பி.சி. உலக ஒலிபரப்பு தன் எழுபதாம் ஆண்டு நிறைவையொட்டி, உலகின் தலைசிறந்த பத்துப் பாட்டுகளைத் தேர்ந்து கூறுமாறு இணையவழி மக்களைக் கேட்டது. ஏழாயிரம் அளவிலான பாட்டுகள் முன்மொழியப் பெற்றன. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளினின்று ஒப்போலைகள் வந்தன. முடிவில் நான்காம் இடமும் ஐந்தாம் இடமும் தமிழுக்குக் கிடைத்தன! ஆங்கில உலகம் கொண்டாடிய பாட்டுகள் எட்டாம் இடத்திலும் பத்தாம் இடத்திலும் நின்றன.

நான்காவதாக வந்தது, 1991இல் வெளியான 'தளபதி' திரைப்படத்தில் இளையராசா இசையமைத்த 'இராக்கம்மா' பாட்டு. திரைப்பாட்டு என்றாலே முகஞ்சுளிக்கும் அன்பர்கள் நம்முள் உளர். நாமும் பெரும்பாலும் அவர் பக்கமே. எனினும் அப்பாட்டின் நடுவே திருநாவுக்கரசரின் தில்லைத் தேவாரம் ஒன்று ஒலிக்கின்றது. அதற்கு ஒப்போலையிட்ட தமிழருள் எத்துணைப் பேர் அது தேவாரம் என்று அறிந்திருப்பர்?

ஐந்தாவது பாட்டு முற்றிலும் வேறு வகையது. திருமலைச் சந்திரன் பாடிய 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது' என்னும் அப்பாட்டு, வீடும் நிலமும் விட்டு நடந்த ஈழத்தமிழ் மக்களின் துயரைச் சொல்வது. 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு இலக்கக்கணக்கான தமிழர் கைக்குழந்தைகளோடும் முதியோரோடும் வெளியேறினரே, அத்தகைய நடை! திரைப்பட வணிகத்தின் துணையில்லாத ஒரு பாட்டு உலக அரங்கில் ஐந்தாவதாக நின்றது, தமிழர் தமிழரை வேண்டியதாலன்றி வேறெதனால்? அவ்வேண்டுகோளை நாம் வணங்குகின்றோம். ஆயின் தமிழகத்தில் அப்பாட்டை முழுமையாகக் கேட்டவர் எத்துணைப் பேர்? உலகத்தார் ஐந்தாம் இடம் தந்த பாட்டுக்கு நம் வீடுகளில் எத்தனையாம் இடம்?

இனி, முதலிடம் பெற்ற பாட்டைப் பார்ப்போம். 'மீண்டும் ஒரு நாடு' என்று பொருள்படும் அயர்லாந்து விடுதலைப் பாட்டு அது. அதனைப் பாடிய குழுவின் அன்பர்கள் மின்னஞ்சல் வழியே ஒருவரையொருவர் வேண்டி ஒப்போலை குவித்தனர் என்று அந்நாளிலேயே செய்தித்தாள்கள் எழுதின. வென்றனர், பாராட்டுவோம். ஆனால் அப்பாட்டு எம்மொழியில் உள்ளது? ஆங்கிலத்தில்! எழுதியவர் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமசு தேவிசு. ஐரிசு மொழியை மீட்க வேண்டும் என்று வலிந்து எழுதியவரும் அவரே. 1937ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம் ஐரிசு மொழியை முதல் ஆட்சிமொழி என்கிறது. 2022ஆம் ஆண்டு மக்கட்டொகைக் கணக்கிலோ, அம்மொழியைப் பேசத்தெரியும் என்றவர் ஏறத்தாழ 18 இலக்கத்து 74 ஆயிரவர். கல்விக்கூடத்திற்கு வெளியே அதனை நாடோறும் பேசுவோர் ஏறத்தாழ 72 ஆயிரவரே. உணர்ச்சிக்குக் கிடைத்த முதலிடம் மொழிக்குச் சோறிடவில்லை என்பது இங்கு வெள்ளிடைமலை. தமிழ்ப் பாட்டுக்கு ஒப்போலை வேண்டும் செய்தியையே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பும் நம்மவர் இதனை இருமுறை படிப்பாராக.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலை உலக வியப்புகளுள் ஒன்றாக்கவும் இவ்வாறே பெருமுயற்சி நடந்தது. இறுதிச்சுற்றின் 21 இடங்களுள் அது இல்லை. 2007 சூலை 7ஆம் நாள் இலிசுபனில் முடிவு கூறப்பெற்ற அப்போட்டியில் ஒருவரே பலமுறை ஒப்போலையிட வழியிருந்தது. கட்டணத் தொலைபேசி வழியும் இருந்தது. தனக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று யுனெசுகோ வெளிப்படையாகவே அறிவித்தது. கோயிலின் கற்கள் இதனால் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தொலைபேசிக் குழுமங்களின் வருவாய் ஏறியிருக்கும்.

உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பெருமையோடு எடுத்துக்காட்டும் நாம், முதற் பராந்தகன் காலத்து அவ்வெழுத்துகள் (919, 921) கூறும் குடவோலை முறையையும் சற்றே நினைவோம். அது எண்ணிக்கைப் போட்டி அன்று. ஓலை குடத்துள் விழுமுன் தகுதி பார்த்தனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை நீக்கினர். அவர்தம் நெருங்கிய உறவினர் பெயரையும் நீக்கினர். அவ்வூர் பார்ப்பனர்க்கு விடப்பட்ட ஊர் என்பதும், வடமொழி வேதப் பயிற்சியையும் அவர்கள் ஒரு தகுதியாக வைத்தனர் என்பதும் உண்மையே. அதனை நாம் ஏற்கோம். ஆயினும் உறவுக்கு முன் தகுதியை நிறுத்திய முறை எண்ணத்தக்கது. இன்றைய இணையப் போட்டியோ உறவை மட்டுமே எண்ணுகின்றது.

தமிழ் செம்மொழி என்று 2004இல் இந்திய அரசு அறிவித்தது, எவரும் ஒப்போலை எண்ணியதால் அன்று. பரிதிமாற் கலைஞர் தொடங்கி ஒரு நூற்றாண்டாக அறிஞர் சான்று காட்டி வழக்காடியதன் பயன் அது.

ஆதலின் இவ்விதழில் ஒப்போலை வேண்டுகோள் இடம்பெற விரும்பும் அன்பர்கள், வெறும் இணைய முகவரியை அனுப்பற்க. எந்தப் பாட்டு அல்லது நூல், யார் ஆக்கியது, அதன் சிறப்பென்ன, அதனை எங்குக் கேட்கலாம் அல்லது படிக்கலாம் என்பதை ஒரு பக்கத்தில் நல்ல தமிழில் எழுதியனுப்புக. போட்டியை நடத்துவோர் யார், கட்டணம் உண்டா, ஒருவர்க்கு ஓர் ஒப்போலைதானா என்பதையும் உசாவி எழுதுக. அவற்றைப் பார்த்தபின் இடந்தருவோம். தாம் கேளாத பாட்டுக்கு எவரும் எவரிடமும் ஒப்போலை கேட்க வேண்டா.

'பூவும் நடக்குது' பாட்டுக்கு இன்று எவரும் ஒப்போலை கேட்கவில்லை. அப்போட்டி முடிந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாயின. வரும் திங்கள் நடைபெறவிருக்கும் ஊர்க்கூட்டங்களில், உரைகள் தொடங்குமுன் அதனை முழுமையாக ஒலிக்கச் செய்யுமாறு அமைப்பாளர்களை வேண்டுகின்றோம்.