தகுதியானவர்களுக்குள் குலுக்கல் போடுங்கள்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மாணவர் சேர்க்கை முறையை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கு 2018 அக்டோபரில் பாஸ்டன் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது, அதுவரை மூடிய அறைக்குள் இருந்த கணக்குகள் வெளியே வந்தன. 2015இல் முதலாண்டு சேர்வதற்கு விண்ணப்பித்தவர்கள் 35,000 பேருக்கும் மேல். இருந்த இடங்கள் ஏறத்தாழ 1,600. அமெரிக்காவுக்குள்ளிருந்து விண்ணப்பித்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், அவர்களில் 8,000 பேருக்கு மேல் பள்ளிப் படிப்பில் முழுமையான சராசரி வைத்திருந்தார்கள். சாட் நுழைவுத்தேர்வின் கணிதப் பகுதியில் முழு மதிப்பெண் எடுத்தவர்கள் 3,000 பேருக்கு மேல். மொழிப் பகுதியில் முழு மதிப்பெண் எடுத்தவர்கள் சுமார் 2,700 பேர். மதிப்பெண்ணில் இனி ஏறுவதற்குப் படியே இல்லாத பிள்ளைகளைக் கொண்டே அந்த வகுப்பைப் பலமுறை நிரப்பியிருக்கலாம். 2021இல் விண்ணப்பங்கள் 57,000ஐத் தாண்டின. இடம் பெற்றவர்கள் 2,000க்கும் குறைவு.

நன்றாகப் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, “இவளுக்கு அங்கே கிடைக்குமா?” என்பதுதான். சென்னையிலும் கோவையிலும் மட்டுமல்ல, நியூ ஜெர்சியிலும் கலிஃபோர்னியாவிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களிலும் இந்தக் கேள்வி ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. ப்ரொஃபைல் சரியாக இருக்கிறதா, எஸ்ஸே எடுபடுமா, கோடை விடுமுறையில் எந்த ஆய்வகத்தில் வேலை பார்த்தால் நல்லது என்று ஆலோசனை சொல்ல ஒரு தொழிலே வளர்ந்திருக்கிறது. ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டிய மாணவருக்கு அந்தக் கேள்விக்கு விடை கிடையாது என்பதே என் வாதம். அந்த உயரத்துக்கு மேல் நடப்பது தகுதியின் அளவீடு அல்ல. பல்கலைக்கழகம் தன் தேவைக்கு ஏற்ப ஆட்களை நிரப்பிக்கொள்வது. அதைத் தகுதியின் தீர்ப்பு என்று சொல்லிக்கொண்டிருப்பதைக் காட்டிலும், தகுதி பெற்றவர்களுக்குள் வெளிப்படையாகக் குலுக்கல் போடுவது நேர்மையானது.

ஹார்வர்டில் தேர்வு எப்படி நடக்கிறது என்பதை அந்த வழக்கின் ஆவணங்கள் படிப்படியாகக் காட்டுகின்றன. விண்ணப்பத்தை முதலில் ஓர் அலுவலர் படிக்கிறார். படிப்பு, பாடத்துக்கு வெளியே உள்ள ஈடுபாடு, விளையாட்டு, ஆளுமை, பள்ளியின் பரிந்துரை ஆகியவற்றுக்கும், எல்லாம் சேர்த்து ஒட்டுமொத்தமாகவும் 1 முதல் 6 வரை எண் போடுகிறார். 1 என்றால் மிகச் சிறப்பு. பிறகு அது வட்டாரவாரியான துணைக்குழுக்களுக்குப் போகிறது. அங்கிருந்து ஏறத்தாழ 40 பேர் கொண்ட முழுக்குழுவுக்கு வருகிறது. பெரும்பான்மை வாக்கில் முடிவாகிறது. இதற்குப் பிறகும் சேர்க்க நினைத்தவர்களின் எண்ணிக்கை இடங்களைவிட மிகுந்துவிடும். அப்போது கடைசிக் கழிப்பு நடக்கும். அதற்கான பட்டியலில் ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் நான்கே தகவல்கள்தான் இருந்தன என்று 2023 ஜூன் 29இல் தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம் பதிவு செய்திருக்கிறது: பெற்றோர் அங்கே படித்தவர்களா, விளையாட்டுக்காக எடுக்கப்படுபவரா, நிதியுதவிக்குத் தகுதியுள்ளவரா, என்ன இனம். நான்கு ஆண்டுகள் தூக்கம் தொலைத்துச் சேர்த்த மதிப்பெண்ணும் எழுதி எழுதித் திருத்திய எஸ்ஸேயும் அந்தத் தாளில் இல்லை. இனத்தைக் கணக்கில் எடுப்பதை அந்தத் தீர்ப்பு தடுத்துவிட்டது. பெற்றோரின் கல்லூரித் தொடர்பைப் பார்ப்பதை அது தடுக்கவில்லை.

அந்தத் தொடர்பின் எடை எவ்வளவு என்பதும் அதே வழக்கில் தெரியவந்தது. விளையாட்டு வீரர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், நன்கொடையாளர் தொடர்பு போன்ற காரணங்களால் சேர்க்கைத் தலைவரின் தனிப்பட்டியலில் இருப்பவர்கள், பல்கலைக்கழக ஊழியர்களின் பிள்ளைகள் ஆகிய நான்கு வகையினரும் சேர்ந்து விண்ணப்பித்தவர்களில் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. இடம் பெற்றவர்களிலோ அவர்கள் ஏறத்தாழ 30 விழுக்காடு. ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் ஆகிய பொருளியலாளர்கள் 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரே தேர்வு மதிப்பெண் பெற்ற இரண்டு மாணவர்களில், நாட்டின் மேல்தட்டு ஒரு விழுக்காட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவர் ஹார்வர்டு, யேல், ஸ்டான்ஃபோர்டு போன்ற 12 பல்கலைக்கழகங்களில் ஒன்றில் சேரும் வாய்ப்பு, நடுத்தரக் குடும்பத்தைச் சேர்ந்தவருக்கு இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே எந்தத் தொடர்பும் இல்லாத வீட்டுப் பிள்ளை எதிர்கொள்வது, பத்திரிகைகளில் அச்சாகும் சேர்க்கை விழுக்காட்டை அல்ல. அதைவிடச் சிறிய ஒன்றை.

இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கும் மாணவருக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. குடும்பத்தால் பணம் கட்ட முடியுமா என்று பார்க்காமல் வெளிநாட்டு மாணவரைத் தேர்ந்தெடுக்கும் பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவிலேயே மிகச் சில. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி ஆகியவை அந்தச் சிலவற்றில் அடங்கும். மற்றப் பெரும்பாலான இடங்களில் நிதியுதவி வேண்டும் என்று குறிப்பிடுவதே விண்ணப்பத்தின் எடையைக் குறைக்கலாம். இதைத் தெளிவாகச் சொல்லாமல் பணம் வாங்கிக்கொண்டு ப்ரொஃபைல் செய்துதரும் ஆலோசகர்கள் அந்தப் பிள்ளைக்குச் செய்வது பெரிய அநீதி.

வாய்ப்பு குறைவு என்றால் நிறைய இடங்களில் போட்டுவைப்போம் என்று குடும்பங்கள் கணக்குப் போடுகின்றன. பொது விண்ணப்பத் தளத்தின் வழியாக ஒரு மாணவர் 20 கல்லூரிகள் வரை விண்ணப்பிக்கலாம். ஒவ்வொன்றிலும் 5 விழுக்காடு வாய்ப்பு என்றால் இருபதில் ஒன்றாவது விழாதா என்ற எண்ணம். இந்தக் கணக்கு சரியாக வர, ஒவ்வொரு கல்லூரியின் முடிவும் மற்றதோடு தொடர்பில்லாததாக இருக்க வேண்டும். உண்மையில் எல்லாக் குழுக்களும் ஒரே மதிப்பெண்ணை, ஒரே ஆசிரியர் பரிந்துரையை, ஒரே எஸ்ஸேயைப் படிக்கின்றன. எல்லாக் குழுக்களுக்கும் பிடிப்பதும் ஏறக்குறைய ஒரே மாதிரியானது. ஓரிடத்தில் எடுபடாதது இன்னோரிடத்திலும் எடுபடாமல் போக நிறைய வாய்ப்பு உண்டு. போதாததற்கு, எல்லோரும் கூடுதலாக விண்ணப்பிக்க ஆரம்பித்ததும் எல்லாக் கல்லூரிகளின் சேர்க்கை விழுக்காடும் சரிகிறது. அதைப் பார்த்து அடுத்த ஆண்டு பிள்ளைகள் இன்னும் நான்கு கல்லூரிகளுக்குச் சேர்த்து விண்ணப்பிக்கிறார்கள். இந்தச் சுழலில் ஆதாயம் அடைவது விண்ணப்பக் கட்டணம் வாங்குபவர்களும், ‘நாங்கள் இத்தனை பேரை நிராகரித்தோம்’ என்பதையே தரமாகக் காட்டிக்கொள்ளும் நிறுவனங்களும்தான்.

குலுக்கல் என்றதும் நமக்கு அதிர்ச்சியாக இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் கணினி ஒரு ரேண்டம் எண் கொடுக்கிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட்-ஆஃப் கணக்கிடப்படுகிறது. 2025 தரவரிசைப் பட்டியலில் 200க்கு 200 எடுத்தவர்கள் 144 பேர். கட்-ஆஃப் சமமாக இருந்தால் கணித மதிப்பெண், அடுத்து இயற்பியல், பிறகு பிளஸ் டூ மொத்தம், பத்தாம் வகுப்பு மொத்தம், பிறந்த தேதி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். எல்லாமே சமம் என்றால் ரேண்டம் எண் முடிவு செய்கிறது. இதில் எந்த மாணவருக்கும் அவமானம் இல்லை. கடைசிப் படியில் பின்தங்கிய பிள்ளையிடம் ‘உன் ஆளுமை போதவில்லை’ என்று யாரும் சொல்வதில்லை. இரண்டு பேரும் சமம், இடம் ஒன்றுதான் என்பதை அரசு தன் விதிப்புத்தகத்திலேயே ஒப்புக்கொள்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டுக்கோ, அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கோ இந்த எண்ணால் எந்தக் குறையும் இல்லை. சமூக நீதிக்கான விதிகள் தம் வேலையைச் செய்த பிறகு, மனிதரால் பிரித்தறிய முடியாத இடத்தில் மட்டுமே குலுக்கல் வருகிறது. ஹார்வர்டு போன்ற இடங்களில் அந்தப் பிரித்தறிய முடியாத பகுதி மிகப் பெரியது என்பதுதான் வேறுபாடு.

மதிப்பெண்ணில் வராத குணங்களைப் பார்க்க வேண்டாமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இசை, கவிதை, ஊருக்கு உழைத்த அனுபவம், வீட்டுப் பாரத்தைச் சுமந்துகொண்டே படித்த உறுதி, இவற்றை எல்லாம் தகுதி வரம்புக்குள்ளேயே வைக்கலாம்; வரம்பைத் தாண்டியவர் யார் என்று முடிவு செய்ய ஒரு குழு ஆற அமரப் படிக்கட்டும். ஆனால் வரம்புக்கு மேல் ஒரு பிள்ளையின் குணத்துக்கு 2 போடுவதா 3 போடுவதா என்று, அவரை நேரில் பார்க்காத அலுவலர் முடிவு செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆசிய அமெரிக்க மாணவர்களுக்கு ஆளுமைப் பகுதியில் சராசரியாகக் குறைந்த எண்ணே விழுந்தது என்பது அந்த வழக்கின் மையமாக இருந்தது. அதில் உள்நோக்கம் இருந்ததாக விசாரணை நீதிபதி ஏற்கவில்லை. எனக்கு அதுவே கவலையைக் கூட்டுகிறது. யாரும் தீங்கு நினைக்காதபோதும் ஓர் இனத்துப் பிள்ளைகளின் ஆளுமை காகிதத்தில் குறைந்து தெரியுமானால், அந்த அளவுகோலை நூலிழை வேறுபாடுகளுக்குப் பயன்படுத்தக் கூடாது.

உழைப்புக்கு மதிப்பில்லாமல் போகாதா என்பது அடுத்த மறுப்பு. வரம்பு உயரமாகவே இருக்கும். அதை எட்ட உழைத்தே ஆக வேண்டும். கரோனா காலத்தில் விட்டுவிட்ட நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணை எம்ஐடி 2022இலும், டார்ட்மத், ஹார்வர்டு ஆகியவை 2024இலும் மீண்டும் கட்டாயமாக்கின. வசதி குறைந்த மாணவர்கள், தங்களுக்கு உதவியிருக்கக்கூடிய நல்ல மதிப்பெண்ணையே போதாது என்று நினைத்து அனுப்பாமல் விட்டார்கள் என்று டார்ட்மத்தில் கண்டறிந்தார்கள். எங்கே வரம்பு என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைகள் அஞ்சியிருக்க மாட்டார்கள். குலுக்கல் முறை ஒழிப்பது உழைப்பை அல்ல. வரம்பைத் தாண்டிய பிறகும் பதினேழு வயதுப் பிள்ளை தன்னை இன்னும் பளபளப்பாகக் காட்டிக்கொள்ளச் செலவிடும் மாதங்களையும், அதற்குப் பெற்றோர் கொட்டும் பணத்தையும்தான்.

இது ஏட்டுக் கற்பனையும் அல்ல. நெதர்லாந்தில் மருத்துவப் படிப்புக்கு 1970களிலிருந்து குலுக்கல் இருந்தது. பள்ளி மதிப்பெண் கூடக்கூட வாய்ப்பும் கூடும் வகையில் அதை அமைத்திருந்தார்கள். மிக நல்ல மதிப்பெண் எடுத்தவர்களும் சீட்டு விழாமல் வெளியே நின்றதால் எதிர்ப்பு எழுந்தது. 2017இல் குலுக்கலைக் கைவிட்டுப் பல்கலைக்கழகங்களே தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாறினார்கள். தேர்வுக்குப் பயிற்சி எடுக்க வசதியுள்ளவர்களுக்கே அந்த முறை சாதகமாகிறது என்ற கவலை வளர்ந்தது. 2023 முதல் பல்கலைக்கழகங்கள் விரும்பினால் குலுக்கலுக்குத் திரும்பலாம் என்று சட்டம் அனுமதித்திருக்கிறது. இரண்டையும் செய்து பார்த்த ஒரு நாட்டின் அனுபவம் இது. மிகச் சிறந்தவர்கள் விடுபடுவார்கள் என்ற அச்சம் அங்கே உண்மையாகவே எழுந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அதற்காக, உச்சியில் உள்ள சிலரை நேரடியாக எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குக் குலுக்கல் வைக்கும் ஏற்பாட்டையும் அவர்கள் கொண்டுவந்தார்கள்.

ஹார்வர்டு போன்ற கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால் வாழ்க்கையே மாறிவிடும் அல்லவா என்று கேட்டால், பெரும்பாலானோருக்கு மாறுவதில்லை. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரித் தகுதியும் ஒரே மாதிரிக் கல்லூரிகளில் ஏற்பும் பெற்ற மாணவர்களை ஒப்பிட்டபோது, அதிகப் போட்டியுள்ள கல்லூரிக்குப் போனவரும் போகாதவரும் பின்னாளில் ஏறக்குறைய ஒரே அளவு சம்பாதித்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் அந்தக் கல்லூரியால் பலன் இருந்தது. செட்டி குழுவின் ஆய்விலும் சராசரி வருமானத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் வருமானத்தின் உச்சிக்கு ஏறும் வாய்ப்பும், பெயர்பெற்ற நிறுவனங்களில் வேலை பெறும் வாய்ப்பும் கூடுகின்றன. நாட்டை நடத்தும் நாற்காலிகளுக்குப் போகும் பாதையாக அந்தக் கல்லூரிகள் இருக்கும்வரை, அந்தப் பாதையில் யார் நுழைகிறார்கள் என்பது பொதுப்பிரச்சினை. தனிப்பட்ட மாணவர் மனமுடைய வேண்டியதில்லை என்பதும், முறை மாற வேண்டும் என்பதும் ஒன்றோடொன்று மோதுவதில்லை.

பல்கலைக்கழகங்கள் தாமாக மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முன்னாள் மாணவர் பிள்ளைகளுக்குச் சலுகை காட்டுவதைத் தனியார் பல்கலைக்கழகங்களிலும் தடை செய்து கலிஃபோர்னியா 2024இல் சட்டம் இயற்றியது. ஸ்டான்ஃபோர்டு அந்தச் சலுகையை விடுவதைவிட மாநில அரசின் மாணவர் உதவித்தொகைத் திட்டத்திலிருந்து விலகுவதே மேல் என்று முடிவெடுத்தது. எம்ஐடி அந்தச் சலுகையைத் தருவதே இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நிறுத்திவிட்டது. இரண்டின் தரமும் குறைந்ததாக யாரும் சொல்லவில்லை. முழுக் குலுக்கலுக்கு வர மனமில்லாவிட்டாலும் முதல் அடியாக ஒன்றைச் செய்யலாம்: ‘நீங்கள் எங்கள் தகுதி வரம்பைத் தாண்டியிருந்தீர்கள், எங்களிடம் இடம் இல்லை’ என்பதை, அது உண்மையாக இருக்கும் ஒவ்வொருவருக்கும் எழுத்தில் தரட்டும். எத்தனை பேருக்கு அப்படி எழுதினார்கள் என்ற எண்ணை ஆண்டுதோறும் வெளியிடட்டும். அந்த எண்ணைப் பார்த்த பிறகு, அடுத்த ஆண்டு எத்தனை கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது, எத்தனை இலட்சம் செலவழிப்பது என்று குடும்பங்கள் தாமே முடிவு செய்துகொள்ளும்.