பொம்மை துப்பாக்கிதானே என்று விடலாமா?

தீபாவளி நெருங்கினால் தாமலில் தெருவுக்குத் தெரு 'டப், டப்' சத்தம்தான். கேப் துப்பாக்கி! தகரத்தில் செய்தது. ரோல் கேப் சொருகிச் சுட்டால் கொஞ்சம் புகை வரும், அவ்வளவுதான். அதைப் பார்த்து யாரும் பயந்தது கிடையாது. தறியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கூட, "டேய், அந்தப் பக்கம் போய் சுடுங்கடா" என்று அதட்டுவதோடு சரி.

இப்போது வருவது வேறு சரக்கு. கன்னங்கரேல் நிறம். கையில் எடுத்தால் கனம். மேகசினைக் கழற்றி மாட்டலாம். விசையை அழுத்தினால் 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு பாய்கிறது. 'ஏர்சாப்ட்' என்று பெயர். இன்ஸ்பெக்டர் இடுப்பில் தொங்குவதையும் இதையும் பக்கத்தில் வைத்தால், பத்தடி தள்ளி நிற்கிறவருக்கு எது நிஜம், எது பொம்மை என்று தெரியாது. வம்பே அங்கேதான்.

தாமல் இருப்பது பெங்களூர் நெடுஞ்சாலையில். காஞ்சீபுரம் கடைக்குச் சேலை கொண்டு போகிறவர், ஜரிகை வாங்கி வருகிறவர், கூலிப் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு திரும்புகிறவர் எல்லோரும் போகிற வழி. ஏரிக்கரை இருட்டில் ஒரு ஆசாமி இதை நெற்றிக்கு நேராக நீட்டினால், "தம்பி, இது நிஜமா, பொம்மையா?" என்று கேட்டுக்கொண்டு நிற்க முடியுமா? மடி அவிழ்ந்துவிடும்.

விமானத்தையே கடத்தினார்கள்!

சேலைக்காரர் பயப்படுவது இருக்கட்டும். விமானமே பணிந்திருக்கிறது. 1978 டிசம்பர் 20-ந்தேதி லக்னோவில் இருந்து டெல்லி சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தை போலாநாத் பாண்டே, தேவேந்திரநாத் பாண்டே என்ற இருவர் கடத்தினார்கள். சிறையில் இருந்த இந்திரா காந்தியை விடுதலை செய்ய வேண்டும் என்பது கோரிக்கை. விமானம் வாரணாசியில் இறங்கியது. கடைசியில் இருவரும் சரண் அடைந்தார்கள். பார்த்தால், கையில் இருந்தது பொம்மைத் துப்பாக்கியும் ஒரு கிரிக்கெட் பந்தும்! இருவருமே 1980-ல் உத்தரப்பிரதேச சட்டசபைக்கு எம்.எல்.ஏ. ஆனார்கள் என்பது தனிக்கதை.

அதற்கு முன்பு 1971 ஜனவரி 30-ந்தேதி 'கங்கா' என்ற விமானம் ஸ்ரீநகரில் இருந்து ஜம்மு போகும்போது லாகூருக்குக் கடத்தப்பட்டது. அங்கேயும் போலித் துப்பாக்கி, போலி கையெறி குண்டுதான். பயணிகள் தப்பினார்கள், விமானம் தீக்கிரை ஆனது. கோபம் கொண்ட இந்திய அரசு பாகிஸ்தான் விமானங்கள் நம் வான்வெளியில் பறக்கத் தடை போட்டது. மேற்குப் பாகிஸ்தானில் இருந்து கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போக அவர்கள் இலங்கையைச் சுற்ற வேண்டியதாயிற்று. எல்லாம் ஒரு விளையாட்டுச் சாமான் செய்த வேலை!

நிஜத் துப்பாக்கி வைத்திருப்பவர் பாடு என்ன? 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்சு வேண்டும். மனு, போலீஸ் விசாரணை என்று நடையாய் நடக்க வேண்டும். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அதே சட்டத்தின் 6-வது பிரிவு, போலித் துப்பாக்கியை லைசென்சு இல்லாமல் நிஜமாக மாற்றக் கூடாது என்கிறது. மாற்றாமலே மிரட்டினால்? கொள்ளையில் ஆயுதத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி கையில் வைத்திருந்தாலே அதைப் பயன்படுத்தியதாகத்தான் அர்த்தம் என்று சுப்ரீம் கோர்ட்டு 1975-ல் சொன்னது. கொலைக்கருவி என்றால் 7 வருடத்துக்குக் குறையாத ஜெயில். ஆனால் பொம்மை எப்படி கொலைக்கருவி ஆகும் என்று வக்கீல் எழுந்து நிற்பார். சட்டப்படி பார்த்தால் அந்த வாதத்தில் நியாயமும் இருக்கிறது. பணத்தைப் பறிகொடுத்தவர் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

வெளிநாட்டில் இதற்கு வழி கண்டுவிட்டார்கள். ஜப்பானில் 1971-லேயே, உலோகத்தில் செய்த மாதிரி கைத்துப்பாக்கி என்றால் வெள்ளை அல்லது மஞ்சள் நிறம், குழாய் அடைத்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். பிரிட்டனில் 1996-ல் டன்பிளேன் பள்ளிக்கூடத்தில் 16 குழந்தைகளும் ஒரு ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுவருடமே கைத்துப்பாக்கிக்குத் தடை. 2007-ல் அச்சு அசலாக இருக்கும் போலித் துப்பாக்கி விற்பனைக்கும் பூட்டு. பளிச்சென்ற நிறத்தில் இருந்தால்தான் கடையில் வைக்கலாம். சிங்கப்பூரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காயப்படுத்தும் நோக்கத்தில் நிஜத் துப்பாக்கியால் சுட்டால் அங்கே தூக்கு. ஏர்சாப்ட்டை அனுமதி இல்லாமல் பெட்டியில் போட்டுக்கொண்டு இறங்கினால் போலீஸ் கேஸ். வேலைக்குப் போகும் நம்மூர்ப் பிள்ளைகள் கவனிக்க!

அமெரிக்காவில் துப்பாக்கி சர்வ சாதாரணம். அதனால் விபரீதமும் அதிகம். 2014 நவம்பரில் கிளீவ்லேண்ட் நகரப் பூங்காவில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் ஏர்சாப்ட் துப்பாக்கி வைத்திருந்தான். முனையில் இருக்க வேண்டிய ஆரஞ்சு மூடி இல்லை. போலீஸ் கார் வந்து நின்ற இரண்டே வினாடியில் சுட்டார்கள். மறுநாள் பையன் இறந்துபோனான்.

நம் போலீஸ்காரர் கையிலும் துப்பாக்கி உண்டு. ராத்திரி ரோந்தில் அவருக்கும் அதே இரண்டு வினாடிதான்.

பையன்கள் ஆசைப்படுகிறார்கள், குறி பார்த்துச் சுடுவது ஒரு விளையாட்டு, கடைக்காரர் பிழைப்பு என்றெல்லாம் சொல்வார்கள். யாரும் விளையாட வேண்டாம் என்று சொல்லவில்லை. பச்சையிலோ மஞ்சளிலோ வாங்கிக் கொடுத்தால் குண்டு பாயாதா என்ன? 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் ஆகிவிட்டது. முத்திரை பார்க்கிற அதிகாரி அப்படியே கலரையும் பார்க்கட்டும். கருப்பில் வந்தால் துறைமுகத்திலேயே நிறுத்தட்டும். தாமல் வரை வரவிட்டுப் பிறகு தேட வேண்டாம்.