ஒரே அர்த்தம்னு யார் சொன்னது?

தேர்வு நெருங்கினால் போதும், நம் வகுப்பில் ஒரு நோட்டு கைக்குக் கை மாறும். இடது பக்கம் ஒரு ஆங்கிலச் சொல், வலது பக்கம் அதே பொருள் தரும் நாலைந்து சொற்கள். இந்த 'சினானிம்' பட்டியலை மனப்பாடம் செய்தால் மார்க் வரலாம், ஆங்கிலம் வராது என்பது என் கட்சி. சண்டைக்கு வருகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள் :)

முதலில் தமிழையே எடுத்துக்கொள்வோம். சாப்பிடு, உண், தின் மூன்றுக்கும் அகராதி 'ஈட்' என்றுதான் போடும். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் "வாங்க, வந்து தின்னுங்க" என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்! ஆங்கிலத்திலும் இதே கதைதான். 'ஸ்லிம்' என்றாலும் ஒல்லி, 'ஸ்கின்னி' என்றாலும் ஒல்லி. முன்னது பாராட்டு, பின்னது பெரும்பாலும் குத்தல். 'பிக் பிரதர்' என்றால் அண்ணன். பிக், லார்ஜ் இரண்டும் ஒன்றுதானே என்று 'லார்ஜ் பிரதர்' போட்டால், அண்ணனின் உடம்பைக் கிண்டல் செய்ததாக ஆகிவிடும்.

வினைச்சொல்லில்தான் சிக்கல் அதிகம். நம் 'கேள்' ஒற்றைச் சொல். ஆங்கிலத்தில் சத்தம் தானாகக் காதில் விழுந்தால் 'ஹியர்', கவனித்துக் கேட்டால் 'லிஸன்', கேள்வி கேட்டால் 'ஆஸ்க்'. மூன்றுக்கும் நேராக 'கேள்' என்று எழுதிவைத்தால் எதை எங்கே போடுவது?

அதைவிடப் பெரிய வில்லன் நம் வேற்றுமை உருபு. "அவனிடம் கேட்டேன்" என்பதில் உள்ள 'இடம்' சும்மா இருக்காமல் ஆங்கிலத்துக்குள் புகுந்து "ஐ ஆஸ்க்ட் டு ஹிம்" ஆகிவிடுகிறது. அங்கே அந்த 'டு' கிடையாது. "அதைப் பற்றி விவாதித்தோம்" என்பது "டிஸ்கஸ்ட் அபவுட்" ஆகிறது. 'டிஸ்கஸ்' என்பதற்குள்ளேயே 'பற்றி' அடக்கம்! தலைகீழாகவும் நடக்கும். "பாட்டு கேட்டேன்" என்பதில் உருபே தெரிவதில்லை, அதனால் 'லிஸன்' பின்னால் கட்டாயம் வரவேண்டிய 'டு'வை விட்டுவிடுகிறோம். 'டெல் மீ' சரி, 'ஸே மீ' தவறு. 'எக்ஸ்பிளெயின் மீ'யும் தவறு, 'எக்ஸ்பிளெயின் இட் டு மீ' என்று வரவேண்டும். சினானிம் நோட்டில் இதெல்லாம் எங்கே இருக்கிறது?

இதை அந்தக் காலத்திலேயே கவனித்தவர் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி. அவரும் இரு சகாக்களும் தொகுத்த அகராதி 1942-ல் டோக்கியோவில் வெளிவந்தது. பொருளோடு நிற்காமல், எந்த வினை எந்த வாக்கிய அமைப்பில் வரும் என்றும் அது காட்டியது. 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு அதை வெளியிட்டது. அதன் இன்றைய வாரிசான 'அட்வான்ஸ்டு லேர்னர்ஸ்' அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நம்மில் எத்தனை பேர் திறந்து பார்த்திருக்கிறோம்?

தெசாரஸே வேண்டாம் என்று சொல்லவில்லை. ரோஜே என்ற மருத்துவர் 1852-ல் வெளியிட்ட தெசாரஸ், மொழி தெரிந்தவர் தனக்குத் தோதான சொல்லைத் தேடி எடுப்பதற்கு. நமக்கு இன்னும் வாக்கியமே பிடிபடவில்லையே!

தமிழ் மீடியத்தில் படித்து வந்த நண்பர்கள் நிறையப் பேருக்கு நூற்றுக்கணக்கில் சொற்கள் தெரியும். ஆனால் இன்டர்வியூவில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் வாயடைத்துப் போகிறார்கள். அறிவு குறைவு என்று முத்திரை வேறு! அந்த நோட்டின் வலது பக்கத்தில் நாலு சொல்லுக்குப் பதில் ஒரே ஒரு முழு வாக்கியம் எழுதிவையுங்கள். ஸ்பீக், டாக் இரண்டையும் பற்றி அடுத்த முறை எழுதுகிறேன், அது தனி ரகளை.